ஆய்தத்தின் பெயர் விசர்க்கம்: மென்பொருள், மாதிரி, கடன்

கடன் என்ற சொல்லை மென்பொருள்காரர்கள் கையிலெடுத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வார்டு கன்னிங்ஹாம் என்கிற அமெரிக்க நிரலர், 'வைகாஷ்' என்ற முதலீட்டுக் கணக்கு மென்பொருளைத் தாங்கள் கட்டிய விதம் பற்றி 1992-இல் ஒரு மாநாட்டுக்கு எழுதிய அனுபவ அறிக்கையில் இந்த உருவகம் வருகிறது (விக்கி என்ற வடிவத்தை உண்டாக்கியவரும் இவர்தான்). முதல்முறை எழுதிய நிரலை அப்படியே வெளியே அனுப்புவது கடன் வாங்குவது மாதிரி. சீக்கிரமே திருத்தி எழுதி அடைத்துவிட்டால் அந்தக் கடன் நல்லதே செய்யும். அடைக்காமல் விட்டால், அரைகுறையான அந்த நிரலோடு மல்லுக்கட்டுகிற ஒவ்வொரு நிமிஷமும் வட்டி. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

பிற்பாடு 'தொழில்நுட்பக் கடன்' என்று பெயர் பெற்று, 'அவசரத்தில் அசிங்கமாக எழுதிய நிரல்' என்ற பொருளுக்கு இது சுருங்கிப்போனது. கன்னிங்ஹாமுக்கே இதில் உடன்பாடில்லை. 2009-இல் ஒரு காணொளியில் அவர் விளக்கம் சொன்னார்: மோசமாக எழுதுவதை நான் ஆதரிக்கவே இல்லை. ஒரு விஷயத்தைப் பற்றி இன்றைக்கு இருக்கிற புரிதலை வைத்து எழுதுகிறோம். நாளைக்குப் புரிதல் வளர்கிறது, நிரல் பழைய புரிதலிலேயே நிற்கிறது. இந்த இடைவெளிதான் கடன். கவனியுங்கள், கடன் இருப்பது கைவேலையில் இல்லை, புரிதலில்.

மென்பொருள் எப்போதும் எதையாவது பற்றியது. வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை, பத்திரப் பதிவு. அந்த 'எதையாவது' என்பதை அத்துறையினர் 'டொமைன்' என்கிறார்கள். நான் களம் என்கிறேன். களத்தில் என்னென்ன பொருள்கள் உண்டு, எது தனிப்பொருள், எது இன்னொன்றின் பண்பு, எதிலிருந்து எது பிறக்கிறது, எதற்கு முன் எதை வைப்பது என்பதையெல்லாம் எழுத உட்காருகிறவர் முதலில் தீர்மானித்தாக வேண்டும். இந்தத் தீர்மானங்களின் தொகுப்புதான் களமாதிரி. தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய காரியம் இல்லை. உலகத்தைத் திணை, பால் என்று கூறுபோட்டு, கூறுகளுக்கு உறவு சொல்லி, அடங்காததற்குப் புறனடை எழுதி வைக்கிற வேலை. இலக்கணம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

பீட்டர் நார் என்ற டென்மார்க்கு அறிஞர் 1985-இல் நிரலாக்கத்தைக் கோட்பாட்டைக் கட்டும் செயலாகப் பார்க்கிற ஒரு கட்டுரை எழுதினார். நிரல் என்பது கோப்பில் கிடக்கிற பிரதி அல்ல. எழுதியவர்களுக்குள் அந்தக் களம் பற்றி உருவாகியிருக்கும் கோட்பாடே நிரல். அவர்கள் கலைந்துபோனால் பிரதி மிஞ்சும், நிரல் செத்துவிடும் என்கிறார். பிரதி, ஆசிரியன், மரணம் என்று நம் பக்கங்களில் வருஷக்கணக்காகப் பேசியதெல்லாம் அங்கே தலைகீழாக நிற்கிறது. ஆசிரியன் செத்தால் பிரதி விடுதலையாகும் என்று நாம் சொன்னோம். ஆசிரியன் செத்தால் பிரதியை யாரும் தொடவே பயப்படுவார்கள் என்கிறார் நார்.

களமாதிரி தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம். வெளிநாட்டு விண்ணப்பங்களில் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம் இருக்கும். இரண்டாவதை நிரப்பாமல் மேலே போக முடியாது. மனிதன் என்றால் குடும்பப் பெயர் உண்டு என்பது அந்த மாதிரி. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டொழிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அந்த வழியில் வந்து, பெயருக்குப் பின்னால் ஒன்றுமே வைத்துக்கொள்ளாத ஒருவர் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்? அப்பா பெயரை எழுதுவார். பிறகு விமான நிலையத்தில் அப்பாவைக் கூப்பிடுவார்கள், மகள் எழுந்து போவாள். ஒரு சமூகம் போராடிக் காலியாக்கிய இடத்தை, காலியாக விடக்கூடாது என்று ஒரு வரி நிரல் சொல்கிறது.

இதைச் சொல்லி எல்லாரும் சிரித்தாயிற்று. நாம் தினமும் தட்டுகிற எழுத்துக்குள்ளேயே இதைவிட ஆழமான ஒன்று கிடக்கிறது.

கரி, கலி, கவி, கழி, களி, கறி, கனி. இது அகராதி வரிசை. ய ர ல வ ழ ள ற ன என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் வரிசை. இந்த ஏழு சொல்லையும் சாதாரணமாக ஒரு நிரலிடம் கொடுத்து, தமிழுக்கென்று தனி விதி எதையும் அழைக்காமல் 'வரிசைப்படுத்து' என்றால் வருவது இது: கனி, கரி, கறி, கலி, களி, கழி, கவி. பக்கம், பகல் என்ற இரண்டையும் கொடுத்தால் பகல் முந்திக்கொள்ளும். மெய் முன்னே, உயிர்மெய் பின்னே என்பது அகராதியின் முறை. இங்கே அது தலைகீழ். 'தமிழ்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று பைத்தான் மொழியில் கேட்டால் ஐந்து என்று பதில் வரும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஒரு பதிப்பகத்துக்காகச் சொல்லடைவு சரிபார்த்துக் கொடுத்தபோது, னகரத்தில் வரும் சொற்களையெல்லாம் இழுத்துக்கொண்டுபோய்க் கடைசியில் வைப்பதிலேயே எனக்கு ஒரு வாரம் போனது. "சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறு சார்" என்றார் அங்கிருந்த தம்பி. கோளாறு ஒன்றுமில்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரிக்கு அது முழு விசுவாசமாக நடந்துகொண்டது.

அந்த மாதிரி எங்கிருந்து வந்தது? கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு எண் என்று ஒப்பந்தம் போடுவதைக் குறியேற்றம் என்கிறோம். 1980-களில் இந்திய அரசின் மின்னணுவியல் துறை இந்திய எழுத்துமுறைகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு குறியேற்றம் வகுத்தது. இஸ்கி என்று பெயர். 1988-இல் ஒரு வடிவம் வந்தது. 1991-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதைத் தேசியத் தரமாக்கியது. அதன் மூலக்கருத்து அழகானது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த எழுத்துகள் யாவும் பிராமியின் வம்சம். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை போதும். ககரத்துக்கு ஒரே எண். அதைத் தேவநாகரியாகக் காட்டுவதா, வங்காளமாகவா, தமிழாகவா என்பது திரையின் பாடு. அட்டவணைக்கு முதுகெலும்பாகத் தேவநாகரியின் வரிசை அமைந்தது. அந்த வரிசையில் இடம் இல்லாத தென்னெழுத்துகளை, எதற்கு நெருக்கம் என்று பட்டதோ அதன் பக்கத்தில் செருகினார்கள். ந-வுக்குப் பக்கத்தில் ன. ர-வுக்குப் பக்கத்தில் ற. ல-வை அடுத்து ள, அதை அடுத்து ழ. ஏழு சொற்கள் கலைந்துபோன ரகசியம் இவ்வளவுதான்.

1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தது. உலகத்து எழுத்துகள் அனைத்துக்கும் எண் தருவதாகச் சொன்ன அந்தத் தரம், இந்திய எழுத்துகளுக்கு 1988 இஸ்கியின் அமைப்பையே எடுத்துக்கொண்டது. ஆனால் ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் 128 இடம் கொண்ட தனித்தனிக் கட்டம் ஒதுக்கியது. இங்கேதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஒரே அட்டவணை வைத்ததன் நியாயமே எழுத்துமுறைகள் எண்ணைப் பகிர்ந்துகொள்ளும் என்பதுதான். எண்கள் தனித்தனியானதும் அந்த நியாயம் போய்விட்டது. அதற்காகச் செய்துகொண்ட வரிசை மட்டும் போகவில்லை. கூட்டுக் குடும்பம் பிரிந்து தனிக்குடித்தனம் வந்த பிறகும் பெரிய வீட்டுச் சமையலறை அளவிலேயே எல்லாரும் அடுப்படி கட்டிக்கொண்ட கதை. தமிழ்க் கட்டத்தைத் திறந்து பார்த்தால் க இருக்கும், பிறகு மூன்று வெற்றிடம், பிறகு ங. நம்மிடம் இல்லாத வர்க்க எழுத்துகளுக்குப் போட்டு வைத்த நாற்காலிகள் அவை. 128-இல் இன்றைக்கு நிரம்பியிருப்பது 72. மிச்சம் 56 சும்மா கிடக்கிறது. ஆனால் பதினெட்டு மெய்யில் ஒன்றுக்குக்கூடத் தனி எண் இல்லை.

பெயர்களைப் பாருங்கள். யூனிகோடில் ஒவ்வோர் எண்ணுக்கும் அதிகாரபூர்வமான ஆங்கிலப் பெயர் உண்டு. ஆய்தத்தின் பெயர் 'தமிழ் விசர்க்கக் குறி'. விசர்க்கம் வடமொழியில் உயிருக்குப் பின்னால் வரும் மூச்சொலி. ஆய்தமோ குறிலுக்கும் வல்லின உயிர்மெய்க்கும் நடுவே நிற்பது: அஃது, எஃகு. இன்றைய பேச்சில் அது ஃபேன், ஃபைல் என்று வேறொரு பிழைப்பும் பிழைத்துக்கொண்டிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் விசர்க்கம் இல்லை. ஆய்தத்துக்கு முந்தைய இடத்தில் 'தமிழ் அனுஸ்வாரக் குறி' என்று ஒன்று இருக்கிறது. பெயர்ப்பட்டியலில் அதன் அடியில் 'தமிழில் பயன்படுவதில்லை' என்ற அர்த்தத்தில் ஒரு குறிப்பு. தமிழ்க் கட்டத்தில் தமிழ்ப் பெயரோடு தமிழில் இல்லாத ஒரு குறி! ழ-வின் பெயர் 'எல்எல்எல்ஏ'. ல ஒற்றை, ள இரட்டை, ழ மூன்று மடங்கு. ன-வும் அப்படியே 'என்என்என்ஏ', நகரத்தின் மூன்றாம் நகல். சிறப்பெழுத்து என்று நாம் கொண்டாடுவது அந்தப் பெயரிடலில் இன்னொன்றின் திரிபாக நிற்கிறது. இந்தப் பெயர்களைத் திருத்த முடியாது. 1996-இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல், ஒருமுறை வைத்த பெயரை எந்நாளும் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதிமொழி.

பெயர் போகட்டும், வேலையைப் பார்ப்போம். புள்ளியின் பெயர் 'விராமம்'. தேவநாகரியில் விராமத்தின் முக்கிய வேலை இணைப்பது. இரண்டு மெய்யை ஒட்டிக் கூட்டெழுத்தாக்கிவிட்டு அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தமிழில் புள்ளி பிரிக்கிறது. இங்கே உயிர் இல்லை என்று தலைக்கு மேல் நின்று சொல்கிறது, மறைவதே இல்லை. ஒரே நாற்காலி, நேரெதிரான இரண்டு உத்தியோகம். களமாதிரி பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிற தவறு இதுதான்: இரண்டு இடங்களில் ஒரே சொல் வழங்குகிறது என்பதால் இரண்டும் ஒரே பொருள் என்று எடுத்துக்கொள்வது. எரிக் எவன்ஸ் 2003-இல் எழுதிய 'டொமைன் டிரிவன் டிசைன்' என்ற நூலில் இதற்கென்றே எல்லை வகுக்கச் சொல்கிறார். ஒரு மாதிரி எந்த எல்லைக்குள் செல்லும், எந்த எல்லையைத் தாண்டினால் செல்லாது என்று எழுதி வை என்கிறார்.

இதைவிட ஆழமான தலைகீழ் ஒன்று உண்டு. நம் இலக்கணத்தில் மெய்யும் உயிரும் முதல். இரண்டும் கூடினால் உயிர்மெய். க் கூட்டல் அ, க. குறியேற்றத்தில் க முதல்; அதோடு புள்ளியைச் சேர்த்தால் க். கூடிப் பிறந்த பிள்ளை மூலமாகவும் மூலம் பிள்ளையாகவும் ஆகிவிடுகிறது. விளைவு என்ன என்று கேட்டால் புணர்ச்சி படித்தவர்களுக்கு உடனே புரியும். பால், ஆடை, பாலாடை. இலக்கணத்தில் லகர மெய்மேல் ஆகாரம் ஏறுகிறது, ஒரே விதி. நிரலிலோ முதலில் புள்ளியை அழிக்க வேண்டும். பிறகு 'ஆ' என்ற எழுத்தைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டு, அதற்கு வேறெண் கொண்ட துணைக்காலைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஆ என்ற ஓர் உயிருக்கு இரண்டு எண். க் என்ற மெய்க்கு எண்ணே இல்லை. தமிழில் எழுத்துப்பிழை திருத்தி, யாப்பு ஆய்வி, சொற்பகுப்பி எதை எழுத உட்கார்ந்தாலும் முதல் வேலை இந்த எண்களை மெய்யும் உயிருமாகப் பிரித்துப்போடுவது. ஓப்பன்-தமிழ் போன்ற கட்டற்ற நிரல்தொகுப்புகளில் ஒரு சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கவே தனிச் செயற்கூறு இருக்கிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒன்றுக்குத் தேவையே இல்லை. இதுதான் வட்டி. அசல் அப்படியே நிற்கிறது.

ஆனால் ஒரு நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். க-வை முதலாக வைத்தது முழுக்கத் தேவநாகரிக் கண்ணாடி மட்டும் அல்ல. தொல்காப்பியர் நூன்மரபில் எழுத்து முப்பது, சார்ந்து வருவன மூன்று என்று ஒலியை வைத்துக் கணக்குச் சொல்கிறார். அதே இயலில் வரிவடிவம் பற்றிப் பேசும்போது, மெய்யின் இயல்பு புள்ளி பெற்று நிற்பது, புள்ளி இல்லாத வடிவம் அகரத்தோடு ஒலிப்பது, ஏனைய உயிரோடு சேரும்போது உருவம் திரிவது என்றும் சொல்கிறார். இஸ்கியின் கணக்கு இந்த இரண்டாவதற்கு வெகு நெருக்கம். ஆக, இஸ்கி சொன்னது பொய் இல்லை. எழுதும் விதம் பற்றிய ஒரு மாதிரியை எடுத்து, எண்ணுவதற்கும் வரிசைப்படுத்துவதற்கும் தேடுவதற்கும் புணர்ப்பதற்கும் அதுவே போதும் என்று விட்டதுதான் பிழை. தொல்காப்பியத்தில் இரண்டு மாதிரி இருந்தது, இரண்டுக்கும் எல்லை இருந்தது. தில்லியின் அட்டவணையில் ஒன்றுதான் இருந்தது.

இன்னொரு நேர்மையும் வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய நிலைமை பொற்காலம் இல்லை. 1990-களில் சிற்றிதழ்களும் பதிப்பகங்களும் தட்டிய எழுத்துருக்களில் எண் எழுத்துக்கு இல்லை, வடிவத்துக்கு. தட்டச்சுப்பொறியின் மாதிரி அது. 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற மூன்று துண்டு. ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக எண் கொடுத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தரத்தை அறிவித்தது. புலம்பெயர்ந்தவர்கள் பலர் திஸ்கி என்ற வேறொன்றில் இருந்தார்கள், பாமினியில் இருந்தார்கள். அந்தக் காலத்துச் சிற்றிதழ் ஒன்றின் பேஜ்மேக்கர் கோப்புகளை மீட்டுத் தரும்படி நண்பர்கள் கேட்டு நான் உட்கார்ந்தபோது, திரையில் வந்ததெல்லாம் கேள்விக்குறியும் லத்தீன் எழுத்தும். எந்த எழுத்துருவில் தட்டினார்கள் என்பது தட்டியவரோடு போய்விட்டது. நார் சொன்ன சாவு இதுதான். இந்தக் குழப்பத்தோடு ஒப்பிட்டால் யூனிகோடு பெரிய விடுதலை. 1978-இல் அரசாணையான எழுத்துச் சீர்திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய துதிக்கை ணை, லை எல்லாம் யூனிகோடில் வெறும் எழுத்துரு மாற்றம். எண் மாறுவதே இல்லை. வடிவத்தை எழுத்திலிருந்து பிரித்துப் பார்த்த அருவச் சிந்தனை அந்தத் தில்லி அட்டவணையிலேயே இருந்தது.

வட்டிக்கு வருவோம். 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் கொம்பும் காலும் இரண்டாக. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி சொல்கிறது. விதியைப் படிக்காத நிரலுக்கு இரண்டும் வேறு. நூலகப் பட்டியலில் ஒன்று அகப்படும், இன்னொன்று அகப்படாது. ஔ-வுக்குப் பதில் ஒ-வும் ள-வும் தட்டுகிறோம், 'கௌரவம்' என்பதைக் 'கெளரவம்' என்று தட்டுகிறோம். கண்ணுக்கு வித்தியாசமில்லை, இதை ஒன்று என்று சொல்ல விதியும் இல்லை. ஸ்ரீ-யில் சகரத்துக்கு எந்த எழுத்து என்பதில் 2005-க்கு முன் ஒரு வழி இருந்தது. அந்த வருஷம் ஶ சேர்ந்த பிறகு இரண்டு வழி. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், யூனிகோடில் அனுப்பினால் 70. அந்த எழுபதில் 'தமிழ்' மட்டும் ஐந்தைச் சாப்பிடும். அகராதி வரிசைக்கான சரியான விதிகள் சி.எல்.டி.ஆர் என்ற பொதுத் தரவுத் தொகுப்பில் இன்று இருக்கின்றன, 'தமிழ்' என்பதற்கு நீளம் மூன்று என்று சொல்லும் ஸ்விஃப்ட் போன்ற நிரல்மொழிகளும் உண்டு. ஆனால் விதியை அழைக்க வேண்டும் என்று நிரலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடன் இருக்கிறது என்றே தெரியாதவர் எப்படித் தவணை கட்டுவார்?

திருப்பி எழுதி அடைத்துவிடலாமே என்று கேட்கலாம். கொரியர்கள் அடைத்தார்கள். அவர்களுடைய ஹங்குல் எழுத்தும் நம்முடையதைப் போல மெய்யும் உயிரும் கூடி அமைவது. 1996-இல் யூனிகோடின் இரண்டாம் பதிப்பில் அவர்களுடைய அசையெழுத்துகள் 11,172-ம், முன்பிருந்த இடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் முழுசாக வைக்கப்பட்டன. நாம் கேட்டது சில நூறு. ஆனால் அந்தப் பெயர்ப்பு ஏற்கெனவே இருந்த கொரியக் கோப்புகளை உடைத்தது. இனி எதையும் நகர்த்துவதில்லை என்ற உறுதிமொழி அதே பதிப்போடு வந்தது. கொரியர்கள் உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டார்கள். சாத்தியதிலும் நியாயம் இருக்கிறது. எண் மாறிக்கொண்டே இருந்தால் நேற்று எழுதியதை நாளைக்கு வாசிக்க முடியாது. கன்னிங்ஹாமின் உருவகம் இங்கே வந்து முட்டிக்கொள்கிறது. புரிதல் வளர வளரத் திருத்தி எழுதுவதுதான் அவருடைய கடனடைப்பு. தரம் என்பதன் இலக்கணமோ திருத்தி எழுதாமல் இருப்பது.

நாம் மாற்று வைத்திருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிகோடைத் தரமாகவும், யூனிகோடு செல்லாத இடத்துக்கு மாற்றாக டேஸ்-16 என்ற அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் அறிவித்தது. டேஸ்-16-இல் மெய்க்கு எண் உண்டு, உயிர்மெய்க்கு எண் உண்டு. எண்ணைப் பார்த்தே எந்த மெய், எந்த உயிர் என்று கணக்காகப் பிரித்துவிடலாம். இலக்கணத்துக்கு நெருங்கிய மாதிரி அதுதான். ஆனால் அது குடியிருப்பது யூனிகோடின் தனிப் பயன்பாட்டுப் பகுதியில். அது புறம்போக்கு மாதிரி. யார் வேண்டுமானாலும் குடிசை போட்டுக்கொள்ளலாம், பட்டா கிடையாது. கைப்பேசியும் தேடுபொறியும் அந்த முகவரிக்குத் தபால் கொண்டுவராது. சரியான மாதிரி தாமதமாக வந்தால் அதுவும் இன்னொரு எழுத்துருக் குழப்பமாகத்தான் முடியும் என்பதை நண்பர்கள் ஏற்க மறுக்கிறார்கள். என் கணிப்பு, டேஸ்-16 ஆய்வறைக்குள் கணக்குப் போடும் வடிவமாக இருக்கலாம். பொதுப் புழக்கத்தில் அது யூனிகோடை அசைக்காது. யூனிகோடு தன் பங்குக்கு ஒரு சமரசம் செய்திருக்கிறது. எண்தொடர்களுக்குப் பெயர் சூட்டும் பட்டியல் ஒன்றில் தமிழ் மெய், உயிர்மெய்களைச் சேர்த்துவிட்டது. ஆக, க் என்பதற்கு இன்று அதிகாரபூர்வப் பெயர் உண்டு. எண்தான் இல்லை.

இதெல்லாம் சதி என்று சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். சதி செய்வதற்கு எதிராளியை மனசில் வைத்திருக்க வேண்டும். நம்மை அந்த அளவுக்குக்கூட நினைத்ததாகத் தெரியவில்லை. 1968-இல் மெல்வின் கான்வே என்பவர் ஒரு கருத்துச் சொன்னார்: எந்த நிறுவனமும் தனக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற அமைப்பையே தான் வடிவமைக்கும் பொருளிலும் நகலெடுக்கும். மையத்தில் ஒரு துறை, சுற்றிலும் மாநில மொழிகள். மையத்தில் ஒரு வரிசை, சுற்றிலும் செருகப்பட்ட எழுத்துகள். அதிகாரம் இங்கே யாரையும் தடுக்கவில்லை, எதையும் தணிக்கை செய்யவில்லை. எது பொது, எது விதிவிலக்கு என்று மட்டும் தீர்மானித்தது. அது போதுமாக இருந்தது.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2010-இல் கிரந்த எழுத்துகளைத் தமிழோடு சேர்த்து விரிக்கும் முன்மொழிவும், கிரந்தத்துக்கான கட்டத்தில் ழ, ற, ன முதலானவற்றைச் சேர்க்கும் யோசனையும் வந்தபோது பெரிய கொந்தளிப்பு எழுந்தது. தமிழக அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதும் வரை போனது. 2014-இல் ஏழாம் பதிப்பில் கிரந்தம் தனிக் கட்டமாக, அந்தத் தமிழ் எழுத்துகள் இல்லாமல் வந்தது. எதிர்ப்பு பலித்தது. நுழையப் பார்த்த எழுத்தைக் கண்ணால் பார்த்தோம், அதனால் தெருவுக்கு வந்தோம். ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்த வரிசையையும் பெயரையும் பற்றிப் பேசியது தமிழ்க்கணினிக்காரர்கள் சிலர்தான். அவர்கள் பேசியதை 'டெக்னிக்கல்' என்று சொல்லி நம் பத்திரிகைகள் ஓரத்தில் வைத்தன.

இப்போது அதே கோப்புகளைத் தின்றுதான் பெரும் மொழிமாதிரிகள் தமிழ் கற்றுக்கொள்கின்றன. யூனிகோடின் பரவலான சேமிப்பு முறையில் தமிழ் எண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. 'தமிழ்' பதினைந்து பைட்டு. இயந்திரம் எழுத்து பார்ப்பதில்லை, சொல்லைத் துண்டுபோட்டுத் துண்டாகப் பார்க்கிறது. பல மாதிரிகளில் அந்தத் துண்டு எழுத்துக்கு நடுவிலேயே, உயிர்க்குறிக்கும் மெய்க்கும் இடையில், சில சமயம் ஒரு குறியின் பைட்டுகளுக்கு இடையிலேகூட விழுகிறது. ஒரே விஷயத்தைச் சொல்ல ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு துண்டுகள் ஆகின்றன. துண்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற சேவைகளில் இதன் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை.

பழைய இதழ்களை மின்னாக்கம் செய்யும் நண்பர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். எந்த எழுத்துருவிலிருந்து எந்த மாற்றியால் மாற்றினீர்கள், 'கொ'-வை எந்த விதத்தில் வைத்தீர்கள், கெளரவங்களைத் திருத்தினீர்களா, ஸ்ரீ-க்கு எந்தச் சகரம், வரிசைப்படுத்த எந்த விதியை அழைத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கோப்போடு சேர்த்து வையுங்கள். எனக்கு வந்து சேர்ந்த பேஜ்மேக்கர் கோப்புகளோடு அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்கும். எட்டு இதழ்களில் மூன்றை இன்னமும் திறக்க முடியவில்லை.